தானாக வந்த நாயும் தானாக முளைத்த தும்பையும்

மழை விட்ட மார்கழியில் கடலூரிலோ புதுச்சேரியிலோ எந்தத் தெருவில் நடந்தாலும் இரண்டு விஷயம் கண்ணில் படும். கட்டி முடிக்காத வீட்டு மணல் குவியலில் கண் திறந்தும் திறக்காததுமாக நாய்க்குட்டிகள். பக்கத்துக் காலி மனையில் வெள்ளை வெள்ளையாகத் தும்பை. ஐப்பசி, கார்த்திகையில் சேரும் தெருநாய்கள் ஏறக்குறைய 63 நாள் சுமந்து மார்கழி, தையில் ஈனுகின்றன. வடகிழக்குப் பருவமழையைக் குடித்த விதைகளும் அதே சமயத்தில்தான் பூக்கின்றன. ஆதரவில்லாத பிராணி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், கொல்லையிலோ மொட்டை மாடியிலோ கொஞ்சம் காட்டுப்பூ வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இதுதான் சீசன்.

நான் சொல்லப் போவதில் பாதி, எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதுதான். மீட்பு என்ற பேரில் தாயிடமிருந்து குட்டியைப் பிரித்துத் தூக்கி வருபவர்களையும், தோட்டம் போடுகிறேன் என்று முளைத்திருந்த அத்தனைக்கும் களைக்கொல்லி அடித்துவிட்டு நர்சரிக்கு ஓடுபவர்களையும் நான் ஒரே வரிசையில்தான் வைப்பேன். இரண்டு பேருமே இருப்பதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தால் சந்தோஷம் தனியாக வரத் தேவையில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

முதலில் வீட்டில் பேசி முடியுங்கள்

வாடகை வீடென்றால் ஓனரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். நாய் வந்தபிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். நாய் பத்துப் பதினைந்து வருடம் வாழும் பிராணி. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அடம்பிடித்து வாங்கி வந்த குட்டியை, அந்தப் பிள்ளை வெளியூர் காலேஜுக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ளப் போவது அம்மாதான். ஆகவே அம்மாவின் சம்மதம்தான் சம்மதம். ஊர்த் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ நீங்கள் இரண்டு நாள் போனால் யார் சோறு வைப்பார்கள் என்பதற்கு ஒரு பெயர் வேண்டும். "யாராவது பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் புயல். நம் கரையில் இதைக் கணக்கில் எடுக்காமல் எதையும் வளர்க்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் அடித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள் வந்தது. அந்த மாதிரி நாளில் கட்டிப்போட்ட நாய் கட்டின இடத்திலேயே முடிந்துபோகும். உங்கள் வீட்டில் தண்ணீர் ஏறாத இடம் எது, பூனையைத் தூக்கிப் போக மூடி போட்ட கூடை இருக்கிறதா, மாடித் தொட்டிகளை எங்கே இறக்கி வைப்பது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

எதைத் தூக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

நாய்க்குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வயிறு உருண்டையாக, சத்தமில்லாமல் தூங்கினால் அவற்றுக்குத் தாய் இருக்கிறாள் என்று அர்த்தம். இரை தேடப் போயிருப்பாள். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் வரவும் மாட்டாள். தள்ளிப் போய் இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். நிற்க முடியாவிட்டால் குட்டிகளைச் சுற்றிக் கொஞ்சம் அரிசி மாவைத் தூவிவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது கால்தடம் சொல்லிவிடும். பூனை விஷயத்தில் இன்னும் பொறுமை வேண்டும். குட்டியை ஏழு இடம் மாற்றும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஒரு குட்டி மட்டும் தனியாகக் கிடந்தால், மற்றதை மாற்றிவிட்டு இதற்காகத் திரும்பி வரும் வழியில் தாய் இருக்கலாம். ஓயாமல் கத்துகிற, தொட்டால் சில்லென்று இருக்கிற, எறும்பு மொய்க்கிற குட்டியைத்தான் உடனே தூக்க வேண்டும்.

தாய் இருந்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தாய்க்குச் சோறு, தண்ணீர். அவள் தின்றால் குட்டிகளுக்குப் பால்.

காட்டு உயிர்கள் வேறு கணக்கு. இறகு முளைத்துத் தரையில் தத்தும் காக்கைக் குஞ்சோ குயில் குஞ்சோ பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறது. பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டால் போதும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், எத்தனை அன்போடு வளர்த்தாலும். காக்கைகள் விரட்டி வந்து விழுந்த ஆந்தையை அட்டைப்பெட்டியில் இருட்டாக மூடி வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தேவனாம்பட்டினம் முதல் காலாப்பட்டு வரை நம் கடற்கரைகளில் 'பங்குனி ஆமை' எனப்படும் கடலாமைகள் தை மாதத்திலிருந்து முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் கடலின் வெளிச்சத்தை வைத்து வழி கண்டுபிடிப்பவை. ஆகவே டார்ச்சும் மொபைல் வெளிச்சமும் அடிப்பது உதவி அல்ல, உபத்திரவம். அங்கேயும் வனத்துறைதான்.

தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு எண் 1962. அடிபட்ட மாடு, ஆடு என்றால் முதலில் அதைக் கூப்பிடுங்கள்.

கை வைக்கும் முன்

தடித்த பழைய துண்டு ஒன்று, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று. இவை போதும். அடிபட்ட நாய் எத்தனை சாதுவாக இருந்தாலும் வலியில் கடிக்கும். துண்டைத் தலையோடு சேர்த்துப் போர்த்தித் தூக்குங்கள். தாடை தொங்கி, எச்சில் ஒழுக, தள்ளாடிக்கொண்டு, காரணமில்லாமல் எதையும் கவ்வுகிற நாயின் பக்கத்திலேயே போகாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை.

கடித்தாலோ நகம் கீறினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போனால் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 என்று நான்கு தவணை. ரத்தம் வருகிற கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்து ஊசியும் போட வேண்டும். அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். "குட்டிதானே, செல்லமாகத்தானே கடித்தது" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. அடிக்கடி தெருநாய்களைக் கையாளப் போகிறவர்கள் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசிவிடலாம்.

முதல் பத்து நாள்

வந்ததும் குளிப்பாட்டத் தோன்றும். வேண்டாம். குளிர்ந்துபோன குட்டிக்குக் குளியல் எமனாகிவிடும். முதலில் சூடு, அப்புறம் பால். இந்த வரிசை மாறக் கூடாது. சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள், சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் விடுங்கள்.

கண் திறக்காத குட்டி என்றால் பத்து நாளுக்கு உட்பட்டது, மிஞ்சினால் இரண்டு வாரம். பசும்பாலையே தொடர்ந்து கொடுத்தால் பேதியாகும். பிராணிகளுக்கான மருந்து விற்கும் கடைகளில் குட்டிப் பால் பவுடர் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை ஓரிரு வேளை ஆட்டுப்பால். குழந்தையை மடியில் மல்லாத்திப் பால் புகட்டிய பழக்கத்தில் பலர் குட்டியையும் மல்லாத்திவிடுகிறார்கள். பால் நுரையீரலுக்குப் போவது அப்படித்தான். குட்டி தாயிடம் எப்படிக் குடிக்குமோ அப்படி, வயிறு கீழே, தலை லேசாக நிமிர்ந்து. ஊசியில்லாத சிரிஞ்சால் ஒரு சொட்டு, நாக்கு சுழல்கிறதா என்று பார்த்து அடுத்த சொட்டு. கொஞ்ச நேரத்தில் முன்னங்கால் இரண்டும் உங்கள் விரலை மாறி மாறி அமுக்க ஆரம்பிக்கும், காது ஒவ்வொரு விழுங்கலுக்கும் பின்னால் போய் வரும். இது பிழைத்துக்கொள்ளும் என்று அப்போது தெரியும். குடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிவயிற்றையும் வாலடியையும் துடைத்துவிடுங்கள். தாய் நக்கினால்தான் குட்டிக்கு மூத்திரம் வரும். அந்த வேலை இப்போது உங்களுடையது. சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். கொஞ்சமாவது ஏற வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருந்தால் புதிதாக வந்ததைப் பத்து, பதினான்கு நாள் தனியாக வையுங்கள். பாத்ரூம், பின்கட்டு எதுவானாலும் சரி. பார்வோ என்கிற நோய்தான் பெரிய பயம். வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப்பேதியும் கண்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஃபினாயிலுக்கும் அசையாது. பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும். பார்வோவில் குட்டி செத்த வீட்டுக்கு, தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியை ஒரு வருடத்துக்குக் கொண்டு வராதீர்கள்.

பூனைக்காரர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. காய்ச்சலாக இருக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்தால் பூனை செத்துப்போகும், கால் மாத்திரையானாலும் விளையாட்டில்லை. ஃபினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து காலை நக்குவதும் அதற்கு விஷம். வெறும் வெந்நீரில் துடையுங்கள். தயிர்சாதத்தில் நாய் ஓரளவு காலம் தள்ளிவிடும், பூனை தள்ளாது. அதற்கு மீனோ கறியோ கட்டாயம். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டிலோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ மத்தி மலிவாக அகப்படும் நாளில் வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து வையுங்கள். வெந்த கோழி எலும்பு யாருக்கும் வேண்டாம், குத்தூசியாக உடையும்.

உண்ணி, ஊசி, ஆபரேஷன்

தெருவிலிருந்து வந்த நாயின் காதை மடக்கிப் பாருங்கள், அப்புறம் கால்விரல் இடுக்குகளை. ரத்தம் குடித்து உப்பின உண்ணி ஆமணக்கு விதை போல மினுமினுப்பாகத் தொங்கும். அதைவிடக் கடுகளவு பழுப்பு உண்ணிகள்தான் அதிகம், விரலால் தடவினால்தான் தட்டுப்படும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நிதானமாக நேராக இழுங்கள். நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நம் பக்கத்து நாய்களுக்கு உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சல் சர்வ சாதாரணம். ஈறு வெளுத்து, சோறு தின்னாமல், மூக்கில் ரத்தம் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பிடுங்கினால் மட்டும் தீராது. சுவர் விரிசலிலும் பாயின் அடியிலும் முட்டையிட்டிருக்கும், அங்கேயும் கை வைக்க வேண்டும்.

ஆறு, எட்டு வார வயதில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு வருடா வருடம். அரசு கால்நடை மருந்தகங்களுக்குப் போகத் தயங்காதீர்கள். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினம். 1885இல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாள் அது. அதையொட்டி இலவச முகாம்கள் நடக்கும், விசாரித்து வையுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எலும்பு முறிவு போன்ற பெரிய கேஸ்களுக்கு அங்கே போகலாம்.

ஆறு மாதம் தாண்டியதும் குடும்பக் கட்டுப்பாடு. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. "ஒரு ஈத்தாவது ஈனட்டுமே" என்று இரக்கப்படுகிறவர்கள் வீட்டுக் குட்டிகள்தான் அடுத்த மார்கழியில் மணல் குவியலில் கிடக்கின்றன. தெருநாயின் காதில் சின்னதாக வெட்டு இருந்தால் அதற்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது, திரும்பப் பிடித்துக்கொண்டு போய் அலைக்கழிக்க வேண்டாம்.

பூவுக்கு முதல் படி: ஒன்றும் விதைக்காதீர்கள்

கொல்லையில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடத்தை ஒதுக்குங்கள். கொத்த வேண்டாம், உரம் வேண்டாம். மழை வந்தால் மழை, இல்லாவிட்டால் நாலு குடம் தண்ணீர். இரண்டு மூன்று வாரத்தில் அந்த மண்ணே தன்னிடம் என்ன இருக்கிறதென்று காட்டிவிடும். பழைய மண் என்றால் விதை அதற்குள்ளேயே கிடக்கிறது. ஒவ்வொரு செடியும் பூக்கும்வரை பிடுங்காமல் பாருங்கள். பூத்தபிறகுதான் எது யாரென்று தெரியும்.

கேப்பர் மலை, திருவந்திபுரம், காலாப்பட்டு, ஆரோவில் பக்கம் செம்மண். அங்கே ஆவாரையும் விஷ்ணுகிராந்தியும் சொல்லாமலே வரும். தாழங்குடா மாதிரி மணல்வெளியில் அடப்பங்கொடி ஊதாப் பூவோடு ஓடும். அது மணலைப் பிடித்து வைத்திருக்கிற கொடி, பிடுங்கி வரக் கூடாது. பாகூர் வயல் பக்கமும் கெடிலம் ஓரமும் களிமண், தண்ணீர் தேங்கும். அங்கே மேட்டுப் பாத்தி போட்டால்தான் தும்பை நிற்கும்.

ஆன்லைனில் காட்டுப்பூ விதைக் கலவை என்று கலர் கலராகப் படம் போட்டு விற்கிறார்கள். பெரும்பாலும் குளிர்நாட்டுப் பூக்கள். மாசி வெயிலுக்கு வாடி நிற்கும், காசு போனது மிச்சம். அழகாக இருக்கிறதே என்று உண்ணிச்செடியையும் கொண்டு வராதீர்கள், அது இருக்கிற இடத்தில் வேறெதையும் விடாது. அதற்காக அந்நியச் செடி எல்லாவற்றையும் விரட்ட வேண்டும் என்கிற கட்சி நான் அல்ல. வெட்டுக்காயப் பூண்டு மத்திய அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் மஞ்சள் நடுப் பூவில் பட்டாம்பூச்சி உட்காராத நாள் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

விதையைக் காலி மனைகளில் நீங்களே சேகரிக்கலாம். செடியோடு பிடுங்காமல், காய்ந்த கதிரை மட்டும் காகிதக் கவரில் உதிர்த்து, ஒரு இடத்திலிருந்து கொஞ்சமாக எடுங்கள். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பயிருக்குச் சொன்னது. நம் கரையோரக் காட்டுப்பூவுக்குப் புரட்டாசி நல்லது. ஐப்பசி அடைமழையில் பொடி விதை அடித்துக்கொண்டு போய்விடும், அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும். தும்பை விதையை மண்ணின் மேலே தூவித் தட்டிவிட்டால் போதும், புதைக்கக் கூடாது. சங்குப்பூ விதையை ஓர் இரவு ஊறவைத்து விரல்கணு ஆழத்தில் ஊன்றி, வேலியோரம் ஏறவிடுங்கள். ஆவாரை விதைத்தோல் கெட்டி. சூடான தண்ணீரை ஊற்றி அப்படியே ஆறவிட்டு மறுநாள் போடுங்கள். அது புதராக வளரும், தொட்டிக்கு ஆகாது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் சிறுபீளையையும் மார்க்கெட்டில் தேடுகிறவர்கள், இரண்டையும் வாசலோரம் வளர்த்துவிட்டால் போகிக்கு முந்தின நாள் அலைச்சல் மிச்சம்.

அபார்ட்மெண்ட் என்றால் பழைய பெயிண்ட் வாளி. அடியில் ஓட்டைகள், மேலே தேங்காய் நார், பாதி மண், பாதி மணல். சத்து குறைவாக இருப்பதே நல்லது, உரம் போட்டால் இலை கொழுத்துப் பூ குறையும்.

தும்பையை ஒருமுறையாவது குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் பாருங்கள். தண்டின் கணுவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணங்கள் உருண்டையாக நெருங்கியிருக்கும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வெள்ளைப் பூ. கீழிதழ் அகலமாகத் தொங்கும். மேலிதழ் குட்டியாக, மயிர் அடர்ந்து, கூரை மாதிரி வளைந்து நிற்கும், மகரந்தம் அதற்குள் ஒளிந்திருக்கும். தேனீ கீழிதழில் இறங்கித் தலையை உள்ளே நுழைத்ததும் கூரை அதன் நெற்றியில் படுகிறது, பொடி ஒட்டிக்கொள்கிறது, அடுத்த பூவுக்குப் போகிறது. சின்ன வயதில் பூவைப் பிடுங்கி அடியை உறிஞ்சித் தேன் குடித்த நமக்கு, அந்தத் தேன் எதற்காக அங்கே இருந்தது என்று இப்போது பார்க்கலாம்.

ஒரே கொல்லையில் இரண்டும்

இனி இரண்டையும் சேர்க்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள்.

நாய், பூனை நடமாடும் இடத்தில் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி வேண்டாம். செங்காந்தள் நம் மாநில மலர்தான், ஆனால் அதன் கிழங்கு கடும் விஷம், தோண்டுகிற நாய் இருக்கும் வீட்டில் நடக் கூடாது. பூங்கொத்தில் வரும் லில்லி பூனையின் சிறுநீரகத்தை முடித்துவிடும், மகரந்தத்தை நக்கினாலே போதும். எருக்கு வேண்டுமென்றால் மதிலுக்கு வெளியே. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில் முட்டையிடும், புழுவையும் கூட்டுப்புழுவையும் பார்க்கலாம். ஆனால் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. நெருஞ்சி முள் உள்ளங்காலில் ஏறும், நாயுருவி விதை மயிரில் ஒட்டும். நாய் நடக்கும் பாதையில் இவை இரண்டையும் மட்டும் தயங்காமல் பிடுங்கிவிடலாம்.

செடியைவிட உரம் ஆபத்து. ஆமணக்குப் புண்ணாக்கு வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும், பிழைப்பது கஷ்டம். வேப்பம்புண்ணாக்கு வாங்குங்கள், கசப்புக்குக் கிட்டவே வராது. வாங்கும்போது கலப்புப் புண்ணாக்கா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

நாய் தோண்டத்தான் செய்யும். திட்டிப் பயனில்லை. நிழலில் ஒரு மூலையை அதற்கென்று விட்டு, மணல் கொட்டி, வெயில் காலத்தில் ஈரப்படுத்தி வையுங்கள். பாத்தியின் மேல் முளை வரும்வரை தென்னை ஓலையைப் பரப்பினால் அங்கே படுக்காது. பூனைக்கு மணல் தொட்டி தனி. குப்பைமேனியை வேரோடு பிடுங்கி அதன் முன் போட்டுப் பாருங்கள். பல பூனைகள் வேரில் முகத்தைத் தேய்த்துப் புரளும், பார்க்கக் காசு கொடுக்கலாம்.

தண்ணீர்ச் சட்டி இரண்டு வையுங்கள், தரையில் ஒன்று, மதில்மேல் ஒன்று. தினமும் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு முட்டையைச் சட்டியின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது, தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

ஸ்க்ரப் டைபஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மழை முடிந்த குளிர் மாதங்களில் நம் பகுதியில் வருவது. புதரில் இருக்கும் கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வரும். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால், செடி வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் சரியாகும். கை மூடிய சட்டை, காலுக்குச் செருப்பல்ல, ஷூ. எலி வளையைக் கண்டால் அடையுங்கள். எலி மருந்து வைக்காதீர்கள், எலியைத் தின்கிற பூனையும் போகும்.

அக்கம்பக்கம்

"ஏம்மா, இப்படிப் புதர் மண்டிக் கிடக்குதே, பாம்பு வராதா?" என்று எதிர்வீட்டு ஆயா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலாக உயிரியல் பாடம் எடுக்காதீர்கள். காட்டுப்பூப் பாத்தியைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குச் சுத்தமாகச் செதுக்கி, செங்கல் அடுக்கிவிடுங்கள். உள்ளே அதே செடிகள்தான், ஆனால் விளிம்பு நேராக இருந்தால் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியும், ஆயாவும் "தும்பை இருக்கா? பிரதோஷத்துக்கு நாலு பூ குடு" என்று வருவார். பாம்புக்கு உண்மையில் பிடித்தது செங்கல் குவியலும் பழைய மரச்சாமானும்தான், அதை அப்புறப்படுத்துங்கள்.

தெருநாய்க்குச் சோறு வைப்பதிலும் சண்டை வரும். 2023ஆம் ஆண்டு நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகளே, படிக்கட்டு, வாசல், பிள்ளைகள் விளையாடும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்து ஓர் இடம், நடமாட்டம் குறைந்த ஒரு நேரம் வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அப்படியே செய்யுங்கள். தின்று முடித்ததும் இலையையும் தட்டையும் எடுத்துவிடுங்கள். பயப்படுகிறவர்களிடம் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லாதீர்கள். அவர்கள் போகும்வரை நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தினமும் கால் மணி நேரம்

இத்தனையும் எதற்கென்றால் இதற்குத்தான். காலையில் காபி டம்ளரோடு போனால் விஷ்ணுகிராந்தியின் குட்டி நீலப் பூக்கள் திறந்திருக்கும், உச்சி வெயிலுக்குள் மூடிவிடும். துத்தி நேர்மாறு, சாயங்காலம்தான் மஞ்சளாக விரியும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் துத்தி வளர்க்கலாம், வீட்டில் இருப்பவர்கள் விஷ்ணுகிராந்தி. நாயும் வரட்டும். போனை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள், படம் எடுக்க ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுவிடும். வந்த புதிதில் சுவரோரமே ஒட்டி நடந்த நாய் ஒருநாள் பாத்தி நடுவில் மல்லாந்து புரண்டு பத்துத் தும்பையை ஒடித்துவிடும். ஒடியட்டும், உதிர்ந்த விதை போதும், அடுத்த மழைக்கு வரும். மல்லாந்து படுக்கிற அளவுக்கு அதற்குப் பயம் தெளிந்திருக்கிறதே, அதைக் கவனியுங்கள்.

பங்குனியில் செடிகள் காயும். உடனே பிடுங்கிச் சுத்தம் செய்யாதீர்கள், விதை உதிர்ந்தபின் அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். கொஞ்சம் விதையை எடுத்து வெயிலில் ஒருநாள் உலர்த்தி, காகிதக் கவரில் போட்டுப் பெயரையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். வைத்துக்கொள்ள முடியாத குட்டியை யாருக்காவது கொடுப்பதானால் தடுப்பூசி அட்டையோடு கொடுங்கள், கொடுக்கும் முன் அவர்கள் வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள், "ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் என்னிடமே கொண்டு வாருங்கள்" என்று சொல்லி உங்கள் நம்பரை அந்த அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.